திறக்கும் நாள் தெரிகிறது, மூடும் நாள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் தினமும் ஒரு சின்னக் கட்டத்துக்குள் மேட்டூர் அணையின் நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் ஆகியவை வெளியாகின்றன. முதல் பக்கச் செய்தியைப் படிக்கும் முன்பே அந்தக் கட்டத்தைத் தேடுகிறவன் நான். நாகப்பட்டினம் மாவட்டத்தில், தலைஞாயிறுக்குப் பக்கத்தில், வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடையில் எனக்கு ஒன்பது மா நிலம் இருக்கிறது. மூன்று மா ஓர் ஏக்கர். எங்களைத் தாண்டினால் உப்பாறு, அதையும் தாண்டினால் கடல். வழக்கமாக அணை திறக்கும் நாளான ஜூன் 12 நெருங்கும்போதெல்லாம் 'மேட்டூர் திறக்கப்படுமா' என்று ஊரே கேட்கிறது. எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது. வெட்டுவதாக இருந்தால் என் புலம்பலை வெட்டுங்கள், கணக்கை வெட்ட வேண்டாம்.

2023-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறேன். அந்த ஆண்டு ஜூன் 12 அன்று, சொன்ன தேதியில், அணை திறக்கப்பட்டது. நீர்மட்டம் 103 அடிக்கு மேல், இருப்பு 69 டிஎம்சி அளவில் (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கனஅடி). முந்தைய ஆண்டு மே 24-ஆம் தேதியே திறந்து, குறுகிய காலப் பயிரான குறுவை நெல் நன்றாக விளைந்த நினைவு எல்லோருக்கும் இருந்தது. எனக்கும் இருந்தது. ஆடுதுறை 36 நெல் விதை வாங்கினேன். நூற்றுப் பத்து நாள் பயிர்.

மேட்டூரில் விட்ட தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகிறது. அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து, மணல் குடித்தது போக, மேல்மடை எடுத்தது போக, என் வாய்க்காலை எட்டியபோது ஜூலை பிறந்துவிட்டது. திறந்த நாளிலிருந்து இருபதாவது நாள். நேரடியாக விதைத்தேன். பயிர் நன்றாகவே வந்தது. செப்டம்பரில் அணையிலிருந்து வெளியேற்றம் படிப்படியாகக் குறைந்தது. முறை வைத்து விட்டார்கள். எங்கள் முறை வரும்போது வாய்க்காலில் தண்ணீர் கணுக்கால் அளவு வந்தது, பிறகு வாய்க்காலின் அடிச்சேறு மட்டும் நனைந்தது. பயிர் பூவெடுக்கும் நேரம். அக்டோபர் 10 அன்று, நீர்மட்டம் 30 அடிக்குச் சற்று மேல் நின்றபோது, பாசனத்துக்கான தண்ணீர் அடியோடு நிறுத்தப்பட்டது.

ஜூன் 12-இலிருந்து அக்டோபர் 10 வரை எண்ணிப் பாருங்கள், சரியாக 120 நாள். ஆடுதுறை 36-க்கு வேண்டியது 110 நாள். காகிதத்தில் பத்து நாள் மிச்சம் இருக்கிறது. ஆனால் என் வயலுக்கு அந்த 120-இல் முதல் இருபது நாள் கிடையாது, கடைசி மூன்று வாரம் பேருக்குத்தான் தண்ணீர். மேட்டூரில் ஓடிய நாளும் என் மடையில் ஓடிய நாளும் ஒன்றல்ல.

வயலில் இறங்கிப் பார்த்தபோது வெடிப்பு பிளந்து கிடந்தது. விரலை விட்டுப் பார்த்தேன், இரண்டு கணு உள்ளே போனது. வெடிப்பின் இரண்டு ஓரத்திலும் வேர் வெள்ளையாக அறுந்து தொங்கியது. மேலே பார்த்தால் கதிர் இருக்கிறது, கையால் உருவினால் உமி. பால் பிடிக்காத நெல் கையில் எடையே காட்டாது. அதைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும்.

அந்த ஆண்டு காவிரி நீர்ப்பிடிப்புப் பகுதியில் மழை குறைவு, கர்நாடகத்திலிருந்து வரவேண்டிய தண்ணீர் வரவில்லை. எல்லாம் தெரியும். மழைக்கு யாரும் பொறுப்பில்லை. நான் கேட்பது அதுவல்ல. ஜூன் 12 அன்று அணையில் 69 டிஎம்சி இருந்தபோது, அது எத்தனை நாளைக்கு உறுதி என்று யாராவது சொன்னார்களா?

அந்தக் கணக்கு ஒன்றும் கம்பசூத்திரம் அல்ல. வினாடிக்கு ஒரு கனஅடி என்றால் ஒரு நாளைக்கு 86,400 கனஅடி. வினாடிக்கு 12,000 கனஅடி திறந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.04 டிஎம்சி போகும். 69-இல் குடிநீருக்கென்று 8 டிஎம்சியை அடியில் நிறுத்திக்கொண்டால் மிச்சம் 61. வரத்து ஒரு சொட்டும் இல்லையென்று வைத்துக்கொண்டால் 59 நாள். அதாவது ஆடிப்பெருக்கு கழிந்து ஒரு வாரம் வரை. அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு நாளும் மேலே பெய்யும் மழையையும், மாநில எல்லையில் அளவெடுக்கும் இடமான பிலிகுண்டுலுவில் வந்து சேரும் தண்ணீரையும் நம்பித்தான். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். 'ஆகஸ்ட் 10 வரை எங்கள் பொறுப்பு, அதற்குமேல் வானத்தின் பொறுப்பு' என்று ஒரு வரி. அந்த ஒரு வரி வந்திருந்தால், கடைமடையில் எத்தனை பேர் குறுவையை விட்டுவிட்டு நேராக அடுத்த பருவமான சம்பாவுக்குப் போயிருப்போம் என்று நினைத்துப் பாருங்கள். விதை, உழவு, உரம், களைக்கூலி என்று மண்ணில் போட்டதாவது கையில் நின்றிருக்கும்.

மேலேயிருந்து வரும் தண்ணீருக்கும் ஒரு கால அட்டவணை இருக்கிறது. 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி நமக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி. இதில் ஜூன் மாதத்துக்கு உரியது 9.19 மட்டுமே. ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95, செப்டம்பருக்கு 36.76. இந்த எண்களை என் பம்புசெட் கொட்டகைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன் (பம்புசெட் ஓடுவதில்லை, காரணம் பிறகு). ஜூன் 12 முதல் மாதக் கடைசி வரை பத்தொன்பது நாளில் 12,000 கனஅடி வீதம் விட்டால் கிட்டத்தட்ட 20 டிஎம்சி வெளியே போய்விடும். உள்ளே வர வேண்டியதோ, எல்லாம் முறையாக நடந்தால்கூட, முழு மாதத்துக்கும் 9.19. ஆக ஜூன் திறப்பு என்பது சேமிப்பைச் செலவழிக்கும் திறப்பு. சம்பளம் ஆகஸ்டில்தான் வரும். இதுவும் நல்ல ஆண்டின் கணக்கு. பற்றாக்குறை ஆண்டில் எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பதில் இரு மாநிலமும் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கின்றன.

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வெண்ணாற்றுப் பிரிவில் ஒரு தலைப்பில் லஸ்கராக வேலை பார்த்தவர். தலைப்பு என்றால் ஆற்றின் குறுக்கே மதகுக் கதவுகள் இருக்கும் இடம். கதவை இறக்கினால் மேலே மட்டம் ஏறும், பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் பாயும், ஆற்றின் கீழ்ப்பகுதி காயும். ஏற்றினால் இதற்கு நேர்மாறு. எனவே அந்தக் கதவின் திருகைப் பிடித்திருப்பவர் எந்த நேரமும் யாரோ ஒருவரின் எதிரி. இரும்புக் கைப்பிடியை அவர் வீட்டுக்கு எடுத்து வந்து கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு படுப்பார். நான் அதைத் தூக்கிப் பார்த்திருக்கிறேன், எட்டாம் வகுப்புப் பையனுக்கு அது இரண்டு கைச் சுமை. காலையும் மாலையும் அளவுக்கல்லில் மட்டம் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். அடி, அங்குலம். பாசி படிந்து கோடு தெரியாத நாளில் வேட்டி நுனியால் துடைத்துவிட்டுப் பார்ப்பார்.

ஒரு புரட்டாசியில் மழை பொய்த்து, ஆற்றில் வந்ததோ பாதி ஆறு. சம்பா நாற்றுப் பறித்துக் கட்டுக்கட்டாகக் கிடந்தது. இரவு எட்டு மணிக்கு, மேல் ஊர்க்காரர்கள் இருபது பேர், கீழ் ஊர்க்காரர்கள் முப்பது பேர், ஆளுக்கொரு தடியோடு தலைப்பில் கூடிவிட்டார்கள். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன நான் அரிக்கேன் விளக்கோடு மாட்டிக்கொண்டேன். கதவை ஏற்றச் சொல்லி ஒரு பக்கம், இறக்கச் சொல்லி ஒரு பக்கம். அப்பா யாருக்கும் பதில் சொல்லவில்லை. சோற்றுத் தூக்கை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அடுப்புக்கரித் துண்டு ஒன்றை எடுத்து மதகுச் சுவரில் பெரிதாக எழுதினார்: 'இரவு 2 மணி வரை மேல். 2 மணிக்குப் பிறகு கீழ். நாளை பகல் 12 வரை.' அதற்குக் கீழே எத்தனை சுற்று ஏற்றுவார் என்பதையும் எழுதினார். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டார்.

கீழ் ஊர்க்காரர்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போனார்கள். மிச்சப் பேர் மதகு மேடையிலேயே துண்டை விரித்துப் படுத்தார்கள். இரண்டு மணிக்கு அப்பா எழுந்து கைப்பிடியை மாட்டியபோது அவர்களே வந்து கூடச் சுற்றினார்கள். தண்ணீர் யாருக்கும் போதவில்லை. அது வேறு விஷயம். ஆனால் தடி யார் மேலும் விழவில்லை. மறுநாள் கீழ் ஊர்க்காரர் ஒருவர் வந்து, "ஐயா, எப்போது நிற்கும் என்று சொல்லிவிட்டீர்கள், அதற்குத் தகுந்தபடி இரண்டு வயலை மட்டும் நட்டேன், மூன்றாவதை விட்டுவிட்டேன்" என்றார். அப்பா வெற்றிலை மடித்துக் கொடுத்தார். எனக்கு அன்று அதன் பொருள் விளங்கவில்லை. 2023 அக்டோபரில், வெடித்த வயலில் நின்றபோது விளங்கியது.

மூடும் தேதி என்று ஒன்று இல்லாமல் இல்லை. ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது என்பது மேட்டூரின் நெடுநாள் வழக்கம். அந்த ஜனவரி 28 நல்ல ஆண்டுக்கு உரிய தேதி. குறைந்த ஆண்டிலும் அதையே மனத்தில் வைத்துக்கொண்டு விதைக்கிறோம், ஏனென்றால் வேறு தேதி எதையும் எங்களிடம் யாரும் சொல்வதில்லை. விதைக்குத் தன் வயது தெரியும். ஆடுதுறை 36-க்கு 110 நாள், ஆடுதுறை 46-க்கு 135, சி.ஆர். 1009-க்கு 155-க்கு மேல். எந்த மூட்டையைப் பிரிப்பது என்று முடிவெடுக்க எனக்கு வேண்டியது ஒரே ஒரு எண், என் மடையில் எத்தனை நாள் தண்ணீர் ஓடும் என்பது. மற்ற எல்லா எண்ணும் கிடைக்கிறது.

தங்கள் கட்டத்தில் வரும் 'அடி' பற்றியும் ஒரு வார்த்தை. 120 அடி முழுக் கொள்ளளவு, 93.47 டிஎம்சி. 60 அடி என்று படிக்கும் நகரத்து நண்பர்கள் 'பாதி அணை இருக்கிறதே' என்கிறார்கள். அணை நேர்ச்சுவர் வைத்த தொட்டி அல்லவே, அகன்ற தாம்பாளத்துக்கு அடியில் குறுகிய கிண்ணம். 110-இலிருந்து 120 வரையிலான மேல் பத்து அடியில் ஏறத்தாழ 15 டிஎம்சி அடங்குகிறது. 30-இலிருந்து 40 வரையிலான பத்து அடியில் அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறுவது சிரமம். 60 அடி என்பது கால் அணையைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். கோடையில் மட்டம் இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் நீரில் மூழ்கிய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தலைகாட்டும் படத்தை ஆண்டுதோறும் போடுகிறீர்கள். அழகான படம்தான். அந்த நந்தியைப் பார்த்ததும் நான் இருப்பைக் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறேன், கும்பிடக்கூடத் தோன்றுவதில்லை.

அணைத் தண்ணீருக்கு நான் மட்டும் பங்காளி அல்ல. அதை ஒப்புக்கொள்ளாமல் எழுதினால் நியாயமில்லை. மேட்டூர் கிழக்கு, மேற்குக் கரை வாய்க்கால்களில் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கர், ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை. மின்சாரம் எடுக்கிறார்கள். மின்சாரம் தண்ணீரைக் குடிப்பதில்லை, பாசனத்துக்கு விடுவதில்தான் எடுக்கிறார்கள், அதில் எனக்குத் தகராறு இல்லை. குடிநீர் இருக்கிறது. சேலத்திலிருந்து இராமநாதபுரம் வரை காவிரியையும் கொள்ளிடத்தையும் நம்பிய கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் எத்தனையோ. கொள்ளிடத்துத் தண்ணீர் கீழணையிலிருந்து வீராணத்துக்குப் போய் அங்கிருந்து சென்னைக்கும் போகிறது. எங்கள் தெருக்குழாயில் வருவதே கொள்ளிடத்துத் தண்ணீர்தான். அக்டோபர் 10-க்குப் பிறகு அணையில் நிறுத்திவைத்த தண்ணீரில் குடிநீருக்கென்று விட்ட சில நூறு கனஅடியில் என் வீட்டுக் குடமும் நிரம்பியது. பயிர் காய்கிறபோது அந்தக் குடத்தைத் தூக்குவது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனாலும் குடிநீருக்கு முதலிடம் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. அந்த முதலிடம் எத்தனை டிஎம்சி என்று ஜூன் மாதமே சொல்லிவிட்டால், மிச்சத்தை எங்களுக்குள் பிரித்துக்கொள்ளலாம். சொல்லாமல் விட்டால் அதுவும் எங்களுடையது என்று நினைத்துக்கொண்டு விதைக்கிறோம்.

சேலம் மாவட்டத்தில் நூறு வறண்ட ஏரிகளுக்கு மேட்டூரின் உபரிநீரை ஏற்றும் சரபங்கா திட்டம் வந்தபோது டெல்டாவில் பெரிய எதிர்ப்பு. என் கருத்து கொஞ்சம் வேறு. அணை நிரம்பி வழியும்போது எடுத்தால் எடுத்துக்கொள்ளட்டும், அங்கேயும் மனிதர்கள்தான் இருக்கிறார்கள். எது உபரி என்பதை மட்டும் எழுத்தில் வைக்க வேண்டும். 120 அடியைத் தொட்ட பின்னா, தொடுவதற்கு முன்னா? எழுதி வைத்திருந்தால் பாதிச் சண்டை குறைந்திருக்கும். இதைச் சொன்னதற்காக எங்கள் சங்கத்தில் என்னோடு இரண்டு பேர் பேசுவதில்லை.

இனி பம்புசெட். தஞ்சை, கும்பகோணம் பக்கத்து விவசாயிகளுக்கு நிலத்தடி நீர் இருக்கிறது. ஆறு பத்து நாள் தள்ளி வந்தாலும் போர் போட்டுச் சமாளித்துவிடுவார்கள். 2024-இல் ஜூன் 12-இல் அணை திறக்க முடியாமல் போனபோது டெல்டாவில் நடந்த குறுவை அந்தப் பம்புசெட் குறுவைதான். எங்கள் பகுதியில் போர் போட்டால் உப்பு வரும். நானும் போட்டேன். மூன்றாவது நாள் வரப்போரத்தில் வெள்ளை பூத்தது. மோட்டாரை விற்றுவிட்டுக் கொட்டகையை வைக்கோல் வைக்கப் பயன்படுத்துகிறேன். எனவே குறைந்த தண்ணீரை முறை வைத்து விடும்போது, மேல்மடையிலிருந்து தொடங்கும் வழக்கத்தை மாற்றிக் கடைமடையிலிருந்து தொடங்க வேண்டும். வேறு வழி உள்ளவர் காத்திருக்கலாம், வேறு வழியில்லாதவர் காத்திருக்க முடியாது. இதை ஓர் அலுவலகத்தில் சொன்னேன். "தண்ணீர் மேலிருந்துதானே கீழே வரும், பெரியவரே" என்று சிரித்தார்கள். என் அப்பா சுவரில் எழுதியது தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை அல்ல. யாருக்கு எந்த நேரம் என்பதை.

2024-ஐ இன்னும் முடிக்கவில்லை. ஜூலை தொடக்கத்தில் 40 அடியை ஒட்டிக் கிடந்த அணை, குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழையால் கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பி வழிந்து, ஜூலை 30-இல் 120 அடியைத் தொட்டது. ஒரு மாதத்துக்குள் எண்பது அடி! ஜூலை 28-இல் டெல்டாவுக்குத் திறந்தார்கள். அடுத்த சில நாளில் பதினாறு கண் மதகு வழியாக உபரி பாய்ந்து, முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்பி, கடலுக்குப் போனது. நான் குறுவை போடாத ஆண்டில் ஆறு கரைபுரண்டது, போட்ட ஆண்டில் காய்ந்தது. 'கடலுக்கு வீணாகப் போகிறது' என்று எல்லோரும் எழுதினார்கள். முழுக்க வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஆற்று முகத்தில் நல்ல தண்ணீர் இறங்காத ஆண்டில் உப்பு எங்கள் பக்கம் ஏறி வருவதை நான் பார்க்கிறேன். கடலுக்கும் ஒரு பங்கு உண்டு, அதன் சார்பில் மனுக் கொடுக்கத்தான் ஆளில்லை. ஆனால் ஒன்று. அப்படி நிரம்பும் ஆண்டில் அணையை 120-இலேயே வைத்துக்கொண்டு வருவதையெல்லாம் அப்படியே கீழே தள்ளுவதா, மேலே இரண்டு அணைகளும் நிரம்பும் சேதி வந்ததுமே கொஞ்சம் இடம் பண்ணி வைப்பதா என்பதை நிபுணர்கள்தான் சொல்ல வேண்டும். இடம் பண்ணி வைத்து மழை நின்றுவிட்டால் அதே ஜனங்கள், நான் உட்பட, திட்டுவோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகையில் கதை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை எங்கள் தலையில் கொட்டும்போது மேட்டூர்த் தண்ணீரும் சேர்ந்து வந்தால் சம்பா மூழ்கும். அப்போது மேட்டூரில் குறைத்துப் பயன் உடனே கிடைக்காது, வழியில் இருக்கும் தண்ணீர் வந்துகொண்டேதான் இருக்கும். மழை எச்சரிக்கை வந்த அன்றே முக்கொம்பிலும் கல்லணையிலும் கொள்ளிடத்துக்குத் திருப்பினால்தான் உண்டு. பெரும்பாலும் செய்கிறார்கள். ஒரு நாள் தாமதமாகச் செய்கிறார்கள். அந்த ஒரு நாள் எங்களுக்கு மூன்று நாள் தேங்கல்.

எங்கள் பங்குக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜூன் 12 என்பதை நாங்கள் பண்டிகை ஆக்கிவிட்டோம். அன்று திறக்கவில்லை என்றால் மறியல். அப்படிப்பட்ட கூட்டம் ஒன்றில் நானே முன்வரிசையில் நின்று கோஷம் போட்டிருக்கிறேன். 'எவ்வளவு இருக்கிறது, எத்தனை நாள் வரும்' என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. எந்த அரசாக இருந்தாலும் அன்று திறந்து பூத்தூவினால் கைதட்டல் கிடைக்கும், 'இந்த ஆண்டு கடைமடையில் குறுவை வேண்டாம்' என்று சொன்னால் கல்லடி கிடைக்கும். பிறகு யார் சொல்வார்கள்? 2025-இல் ஜூன் மாதக் கடைசியிலேயே அணை நிரம்பிவிட்டதால் இந்தக் கேள்வியெல்லாம் மறந்தும் போய்விட்டது. நிரம்பிய ஆண்டில்தான் விதிமுறை எழுத உட்கார வேண்டும், காய்ந்த ஆண்டில் யாருக்கும் பொறுமை இருக்காது.

என்ன விதிமுறை என்றால், நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மே மாத நடுவில் இருப்பைப் பார்த்து, குடிநீருக்கு இவ்வளவு என்று முதலில் ஒதுக்கி, மிச்சத்தில் வரத்தே இல்லாவிட்டாலும் எந்தத் தேதி வரை உறுதி என்று அறிவிக்க வேண்டும். ஜூலை 15 அன்று மீண்டும் ஒருமுறை கணக்குப் பார்த்து, அந்தத் தேதி நீள்கிறதா குறைகிறதா என்று சொல்ல வேண்டும். குறைந்தால் 'கடைமடையில் இனி குறுவை விதைக்காதீர்கள், ஆகஸ்டில் சம்பாவுக்கு வருவோம்' என்று ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிப் போட வேண்டும். விதைத்த பின் நிறுத்த நேர்ந்தால், உறுதி சொன்ன தேதிக்கு முன்பா பின்பா என்பதைப் பார்த்து நிவாரணம் தரலாம். முன்பு நிறுத்தினால் அரசின் பொறுப்பு, பின்பு காய்ந்தால் என் சூதாட்டம். நான் கேட்டு வாங்கிய சூதாட்டம் என்றால் வாயை மூடிக்கொள்வேன்.

அரசு செய்கிறபோது செய்யட்டும். தங்களால் நாளைக்கே ஆகக்கூடியது ஒன்று உண்டு. அந்தச் சின்னக் கட்டத்தில் நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் என்று மூன்று வரி இருக்கிறது. நான்காவதாக ஒரு வரி சேருங்கள்: 'இன்றைய இருப்பு, இன்றைய வெளியேற்றத்தில், வரத்து இல்லாவிட்டால் இத்தனை நாள் வரும்.' இருப்பிலிருந்து குடிநீருக்கு உரியதைக் கழித்து, வெளியேற்றத்தை 86,400-ஆல் பெருக்கி, அதனால் வகுத்தால் முடிந்தது. தங்கள் அலுவலகத்தில் யாருக்கும் நேரமில்லை என்றால் நான் தினமும் காலை ஆறு மணிக்குள் கணக்குப் போட்டு அனுப்பிவைக்கிறேன். ஊதியம் வேண்டாம், ஒரு பிரதி இலவசமாகப் போட்டால் போதும்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவர்,
தலைஞாயிறு வட்டாரம், நாகப்பட்டினம் மாவட்டம்.